கடைசி ஆள் வந்தாச்சு

தாழ்கரை நாட்டை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம், கிடைக்காது. கொம்பாறு கடலில் கலக்கும் இடத்தில், சேறும் நாணலுமாகக் கிடந்த நாடு அது. ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்ததும் ஆறு தன் கரையை மறந்துவிடும். குடிசை, கோயில், அரண்மனை என்று தரம் பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அதற்கு முன்னால் நாடே மூட்டை கட்டிக்கொண்டு, சதுப்பைத் தாண்டி, யானைமேட்டுக்குப் போய்விட வேண்டும். இதற்கு மேடேறுதல் என்று பெயர். அந்த ஊர்க்காரர்களுக்குத் திருவிழா என்றால் அதுதான், உயிர்ப்பயம் என்றாலும் அதுதான்.

சதுப்பில் வழி என்று ஒன்று நிலையாக நிற்காது. போன ஆண்டு ஆடு மேய்ந்த இடத்தில் இந்த ஆண்டு ஆளை விழுங்கும் சேறு இருக்கும். அதனால் நாடு முழுவதும் ஒரே வரிசையில், ஒருவர் பின் ஒருவராக நடக்கும். முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கண்டால் “குழி!” என்று கூவுவார். உடனே இடப்பக்கம் ஓர் எட்டு ஒதுங்குவார். அடுத்தவர் அதையே கூவி ஒதுங்குவார். இப்படி வாய்க்கு வாய் மாறி, சொல் கடைசி ஆளிடம் போய்ச் சேரும். கடைசி ஆள் “வந்தாச்சு!” என்பார். அந்த வந்தாச்சு மறுபடி வாய்க்கு வாய் ஏறி முன்னால் வந்து சேரும்வரை முன்னால் இருப்பவர் அடுத்த அடி வைக்க மாட்டார். நத்தை வேகம்தான். ஆனால் யாரும் தொலைந்ததில்லை. போவதும் வருவதுமான இந்தக் கூவல் முழுவதற்கும் சேர்த்து அவர்கள் வைத்திருந்த ஒரே சொல், வழிகாட்டுதல்.

பழக்கம் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், எவனாவது “குழி!” என்றால் தாழ்கரைக்காரன் முதலில் இடப்பக்கம் ஒதுங்குவான், அப்புறம்தான் குழி எங்கே என்று பார்ப்பான். பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, மணவறையில் தாலியைக் கையில் பிடித்திருந்தாலும் சரி.

அந்நாட்டுத் தேர்தலும் அப்படியே. போட்டியிடுகிறவர்கள் திடலில் நிற்பார்கள். மக்கள் போய்ப் பிடித்தவர் பின்னால் வரிசை கட்டுவார்கள். எவர் வரிசை நீளமோ அவரே முன்னவர். ஓராண்டுக்கு அவர்தான் ஆள்வார், அவர்தான் மேடேறும்போது முன்னால் நடப்பார்.

கோமேதகர் முன்னவரானபோது, தாண்டவன் என்னும் தண்டோராக்காரன் தலைகால் புரியாமல் குதித்தான். ஏனென்றால் அரண்மனையிலிருந்து அவனுக்கு ஆள் வந்தது. அவன் குரல் ஆற்றின் இக்கரையில் எழுந்தால் அக்கரையில் மாடு திரும்பிப் பார்க்கும். அந்தக் குரலுக்கு இனி அரசாங்க உத்தியோகம்! அவன் மனைவி வடிவு அப்போது முழுகாமல் இருந்தாள். அவளுக்கு மசக்கை, இவனுக்குப் பெருமை, இருவருக்குமே அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அரண்மனையில் கோமேதகரும் சொல்லமைச்சர் பண்டரங்கனாரும் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லமைச்சர் என்பது புதிய பதவி. எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று முடிவு செய்வது அவர் இலாகா.

“வழிகாட்டுதல் என்பது எப்பேர்ப்பட்ட சொல்!” என்று பண்டரங்கனார் கண்ணை மூடிக்கொண்டார். “அதைக் கண்ட வாயும் பயன்படுத்துவது கண்டு என் நெஞ்சு பதைக்கிறது. நேற்று ஒருவன் தன் எருமைக்கு வழிகாட்டியதாகச் சொன்னான், முன்னவர் அவர்களே. எருமைக்கு!”

“என்ன அநியாயம்,” என்றார் கோமேதகர். “சொல்லை உடனே மீட்டெடுங்கள்.”

மறுநாள் தாண்டவன் தெருத்தெருவாகக் கூவினான். இனி இந்நாட்டில் வழிகாட்டுபவர் முன்னவர் ஒருவரே. வேறு எவரும் எவருக்கும் வழி சொல்லலாகாது. கேட்பவர்களிடம் ‘முன்னவரைக் கேளுங்கள்’ என்று பணிவுடன் தெரிவிக்க வேண்டும்.

அந்த வாரம் வெளியூர் உப்பு வண்டிக்காரர் ஒருவர் சந்தை எங்கே என்று விசாரித்தார். எல்லோரும் பணிவுடன் முன்னவரைக் கேட்கச் சொன்னார்கள். பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டே நின்றார் மனிதர். அவர் நின்றதே சந்தைக்கு நடுவில்தான்.

மீட்டெடுத்த சொல்லைச் சும்மா வைத்திருக்க முடியுமா? பண்டரங்கனார் அதற்கு வேலை கொடுத்தார். வரி வாங்குவது வழிகாட்டுதல் ஆயிற்று. கேள்வி கேட்டவனை அதட்டுவதும் வழிகாட்டுதல் ஆயிற்று. அதற்கும் அடங்காதவனைக் காவலர்கள் இழுத்துப்போய்ப் பிரம்பால் வெளுப்பது சிறப்பு வழிகாட்டுதல். ஊருக்கு வெளியே அதற்கென்று கனமான கதவு போட்ட வழிகாட்டு மனை ஒன்றையும் கட்டினார்கள்.

தாண்டவன் வீட்டுக்கு எதிர்வீட்டு நெசவாளி சின்னாண்டி ஒரு நாள் குப்புறப் படுத்துக் கிடந்தான். வடிவு எண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“என்னண்ணே ஆச்சு?”

“ஒண்ணுமில்ல தாயி. வரி ஏன் ஏறுச்சுன்னு கேட்டேன். நல்லாவே வழிகாட்டிட்டாங்க. முதுகுல வச்சுக் காட்டுனாங்க.”

வடிவு வீட்டுக்கு வந்து புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். தாண்டவன் புதுத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே, “அரசாங்கம்னா நாலும் இருக்கும் புள்ள,” என்றான். சொல்லும்போது அவனுக்கே சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் தலைப்பாகை நல்ல பட்டு.

அடுத்து, ‘குழி’ என்ற சொல் அரண்மனையில் விசாரணைக்கு வந்தது.

“முன்னவர் நடக்கும் பாதையில் குழியா?” என்றார் பண்டரங்கனார். “கேட்கவே கூசுகிறது. மக்கள் மனம் தளர்ந்துவிடாதா? அங்கே இருப்பது மேடுதான். சற்றே தாழ்வான மேடு.”

“தாழ்மேடு!” என்று கோமேதகர் தொடையைத் தட்டினார். “எவ்வளவு ஊக்கமூட்டும் சொல்!”

ஒத்திகை நடந்தது. தாண்டவன் “தாழ்மேடு!” என்று கூவினான். மேடு என்று காதில் விழுந்ததும் மக்கள் காலைத் தூக்கி வைத்தார்கள். வைத்த கால் இடுப்பளவு சேற்றில் போயிற்று. கால் பிசகியவர்களைச் சேற்றிலிருந்து இழுத்துப் போடுவதற்குள் மாலையாகிவிட்டது. சோம்பேறிகள் மேடேற மறுத்ததாக அரண்மனை வருந்தியது.

ஐப்பசி நெருங்கியது. ஆற்றுநீர் நிறம் மாறியது. வடிவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. அப்போதுதான் கடைசி ஆணை வந்தது.

“கடைசியில் வரும் எவரோ ஒருவர் ‘வந்தாச்சு’ என்று சொல்லும்வரை முன்னவர் ஒற்றைக் காலில் நிற்பதா?” என்று பண்டரங்கனார் மேசையைக் குத்தினார். “இது வழிகாட்டுதலா, இல்லை அனுமதி கேட்டலா? வழிகாட்டுதல் முன்னிருந்து பின் செல்வது. பின்னிருந்து முன் வருவது முணுமுணுப்பு. வந்தாச்சு இன்றோடு ஒழிந்தது!”

அதோடு விடவில்லை. முதியவர், நொண்டுபவர், நிறைமாதக்காரிகள் எல்லோரும் இதுவரை வரிசையின் நடுவில் நடந்தார்கள். இனி அவர்கள் கடைசியில் வர வேண்டும், முன்னேற்றத்தைத் தாமதப்படுத்தக் கூடாது. இன்னொன்று, தலைவர் மக்களுக்கு முதுகைக் காட்டுவது அன்பில்லாத செயல். ஆகவே முன்னவர் பல்லக்கில், மக்களைப் பார்த்தபடி, பின்புறம் திரும்பி உட்கார்ந்து வழிகாட்டுவார்.

“ஐயா,” என்றான் தாண்டவன், “அப்போ பாதைய யாரு பாக்குறது?”

“பாதையை எதற்குப் பார்க்க வேண்டும்?” என்று கோமேதகர் கனிவோடு கேட்டார். “நான் மக்களைப் பார்க்கிறேன், மக்கள் என்னைப் பார்க்கிறார்கள். இதைவிட நல்லாட்சி உண்டா?”

அன்று மாலை வடிவு துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். தாண்டவன் சங்கதியைச் சொல்லி முடித்ததும் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“வந்தாச்சுன்னு சொல்லாம எப்படிங்க நடக்குறது? நான் பின்னாடி வர்றேனா, சேத்துல போயிட்டேனான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சட்டம் போட்டுட்டாங்க புள்ள. நான் என்ன பண்ணட்டும்?”

“உங்க சட்டம் உங்களோட இருக்கட்டும். குழியத் தாண்டுனா நான் வந்தாச்சுன்னுதான் சொல்லுவேன். காது உள்ளவங்க கேட்டுக்கட்டும்.”

மேடேறும் நாள் விடிந்தது. என்ன ஆரவாரம்! முரசு ஒரு பக்கம், கொடி ஒரு பக்கம். பல்லக்கு முழுக்கச் செவ்வந்தி. அதில் கோமேதகர் மக்களைப் பார்த்துக் கும்பிட்டபடி பின்னோக்கி அமர்ந்திருந்தார். பக்கத்தில் பண்டரங்கனார். பல்லக்குக்குப் பக்கவாட்டில் தாண்டவன். வடிவு எங்கோ கண்ணுக்கெட்டாத கடைக்கோடியில். தாண்டவன் எக்கி எக்கிப் பார்த்தான், கூட்டத்தின் தலைகள்தான் தெரிந்தன.

சதுப்பில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் மூடுபனி வந்து கவிந்தது. பால் கொட்டியதுபோல் எல்லாம் வெள்ளை. பல்லக்குத் தூக்கிகளுக்குத் தங்கள் காலே தெரியவில்லை.

“எந்தப் பக்கம் திரும்பணும் சாமி?” என்று கேட்டார்கள்.

முன்னவர் யோசித்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கடந்து வந்த பனி மட்டும்தான். “வலப்பக்கம்,” என்றார். வலம் மங்கலமானது. மறுபடி கேட்டார்கள். மறுபடியும் வலம். ஒவ்வொரு முறையும் மங்கலமாகவே சொன்னார். தாண்டவன் கூவிக்கொண்டே போனான். “தாழ்மேடு! தாழ்மேடு!” பின்னாலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. முன்பெல்லாம் வந்தாச்சு வந்து காதைத் தொடும். இப்போது கூவிய குரல் பனிக்குள் போய் அப்படியே அவிந்துபோயிற்று. வடிவு இருக்கிறாளா? கேட்க வழியில்லை. நீர் கணுக்காலுக்கு வந்திருந்தது.

அப்போது பனிக்குள், முன்னால், நிழல் நிழலாக மனித முதுகுகள் தெரிந்தன!

பண்டரங்கனார் துள்ளினார். “முன்னவர் அவர்களே, நமக்கு முன்னால் வேறொரு நாடு மேடேறிக்கொண்டிருக்கிறது!”

“நம்மை முந்துவதா?” கோமேதகர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். “விடாதீர்கள்! எட்டிப் பிடியுங்கள்!”

முரசு முழங்கியது. தூக்கிகள் ஓடினார்கள். வரிசையும் மூச்சு வாங்க ஓடியது. எவ்வளவு ஓடினாலும் முன்னால் இருந்த நாடும் அதே வேகத்தில் ஓடியது. ஓட ஓட, முன்னவருக்கு எதிரிகள்மேல் மதிப்பே வந்துவிட்டது. “எப்படி ஓடுகிறார்கள் பார்த்தீரா? அவர்களுக்கு நல்ல வழிகாட்டி அமைந்திருக்கிறான்,” என்றார்.

அந்த நேரத்தில்தான் அது கேட்டது. மூச்சிரைக்க, பிடிவாதமாக, ஒரு பெண் குரல்.

“வந்தாச்சு!”

தாண்டவன் அப்படியே நின்றான். வடிவின் குரல்! பின்னாலிருந்து வர வேண்டிய குரல், முன்னாலிருந்து வந்தது. ஒரு கணம் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக விளங்கிற்று. நாடு முழுவதும் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தலை தன் வாலைத் துரத்திக்கொண்டிருக்கிறது.

“ஏ வடிவு!” என்று கத்திக்கொண்டே பாய்ந்து ஓடினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கிழவரின் தோளில் சாய்ந்தபடி அவள் நின்றாள். முகத்தில் வலி ஓடிக்கொண்டிருந்தது.

“இப்பவாச்சும் கேட்டுச்சா உங்க காதுக்கு?” என்றாள்.

அவன் அவளை அணைத்துப் பிடித்தான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முழங்காலை நீர் தொட்டது. பயந்தால் வேலைக்காகாது என்று நெஞ்சு முழுக்கக் காற்றை இழுத்தான். அந்தச் சேற்றில் காலுக்குக் கல் தட்டினால் அது யானைமேட்டின் அடிவாரம்தான். தடை செய்யப்பட்ட கேள்வியைத் தாழ்கரை முழுவதும் அதிரக் கூவினான்.

“யாரு காலுக்காவது கல்லு தட்டுதாஆ?”

கேள்வி வாய்க்கு வாய் வட்டத்தைச் சுற்றி ஓடியது. முதலில் ஆளாளுக்கு வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் வழி சொல்லக் கூடாதல்லவா? அப்புறம் பனிக்குள் எங்கிருந்தோ, முதுகு இன்னும் ஆறாத சின்னாண்டியின் குரல் வந்தது. “இங்க தட்டுது! சரிவா மேல போவுது!” “இங்க கல்லு!” “கல்லு! கல்லு!” என்று நூறு வாய்கள் அதைக் கைமாற்றின. வட்டம் அந்த இடத்தில் அறுந்து, சரமாக மேலே ஏறத் தொடங்கியது. கிழவர்கள், குழந்தைகள், ஆடுகள், மூட்டைகள், எல்லோரும் ஏறினார்கள். குழிகளுக்குக் குழி என்றே பெயர் சொல்லி ஏறினார்கள். தாண்டவன் வடிவைத் தூக்கிக்கொண்டு ஏறினான். யானைமேட்டில் முதல் வெயில் விழுந்தபோது அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கீழே ஆறு, இருந்ததை எல்லாம் மூடிக்கொண்டு ஓடியது.

கடைசியாக வந்து சேர்ந்தது பல்லக்கு. கோமேதகர் இறங்கி, செவ்வந்தி இதழ்களைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“பார்த்தீர்களா என் வழிகாட்டுதலை?” என்றார்.

வெள்ளம் வடிந்து நாடு திரும்பியதும் பண்டரங்கனார் அறிக்கை வெளியிட்டார். அன்று நடந்தது தற்செயல் அல்ல. அது வட்ட வழிகாட்டுதல் என்னும் உயர்ந்த முறை. முதல் ஆளும் கடைசி ஆளும் சந்தித்துக்கொள்ள முன்னவர் செய்த ஏற்பாடு. அதைக் குலைக்கும் வண்ணம் தடை செய்த சொல்லை உரக்கச் சொன்ன வடிவு என்பவள் குற்றவாளி. தேர்தல் முடிந்த மறுநாள் அவளுக்குச் சிறப்பு வழிகாட்டுதல் நடைபெறும்.

காவலர்கள் வந்து பச்சைக் குழந்தையோடு வடிவை வழிகாட்டு மனைக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைபெற்ற உடம்பு பிரம்பைத் தாங்குமா? தாண்டவன் அரண்மனைத் தரையில் விழுந்து கதறினான்.

“எழுந்திரப்பா,” என்றார் கோமேதகர். “தேர்தலன்று மேடையில் ஏறி, ‘சேர்!’ என்று நீ ஒரு முறை கூவினால் நாடே என் பின்னால் சேர்ந்துவிடும். நன்றாகக் கூவு. வழிகாட்டுதலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.”

பாதி! தாண்டவன் அன்று வீடு திரும்பியதும் பட்டுத் தலைப்பாகையை அவிழ்த்து அடுப்பில் போட்டான்.

தேர்தல் நாள். திடல் கொள்ளாத கூட்டம். எதிர்த்து நிற்க வந்தவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே வழிகாட்டப்பட்டிருந்ததால், கோமேதகர் ஒருவரே நின்றார். காவலர்கள் பிரம்போடு சுற்றி வர, மக்கள் அவர் பின்னால் வரிசை கட்டினார்கள். வரிசை திடலைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, ஊருக்கு வெளியே வழிகாட்டு மனையின் வாசல்வரை நீண்டது. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அளவுகோலோடு தேர்தல் அதிகாரி தயாராக நின்றார். முன்னவர் தாண்டவனைப் பார்த்துத் தலையசைத்தார்.

தாண்டவன் மேடை ஏறினான். கீழே முதல் ஆளாக முன்னவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவருக்குப் பின்னால் முதுகு வளைந்த நாடு. தாண்டவன் மூச்சை இழுத்தான்.

“குழீஈஈ!”

அவ்வளவுதான்! யோசித்துச் செய்கிற காரியமா அது? தொட்டிலில் இருந்தே ஊறியது. கோமேதகருக்கு அடுத்து நின்றவன் “குழி!” என்று கூவி இடப்பக்கம் ஓர் எட்டு ஒதுங்கினான். அடுத்தவன் ஒதுங்கினான். அதற்கடுத்தவள் ஒதுங்கினாள். குழி, குழி, குழி என்று சொல் திடலைத் தாண்டி ஓடியது. சந்தையைத் தாண்டி ஓடியது. பிரம்பு வைத்திருந்த காவலர்களும் தாழ்கரைக்காரர்கள்தானே? அவர்களும் “குழி” என்று சொல்லி ஒதுங்கினார்கள்.

“குழி இல்லை அது! தாழ்மேடு! தாழ்மேடு என்று சொல்லுங்கள்!” என்று கோமேதகர் தனியாக நின்று அலறினார். அதிகாரி அளவுகோலை நீட்டிப் பார்த்தார். முன்னவரின் நிழலைத் தவிர அளக்க அங்கே எதுவும் இல்லை.

பிறகு திடல் அமைதியானது. வெகுதொலைவில், கனமான கதவுக்கு அப்பாலிருந்து, கைக்குழந்தையின் அழுகையோடு சேர்ந்து ஒரு குரல் எழுந்தது.

“வந்தாச்சு!”

வாசலில் நின்ற கடைசி ஆள் அதை வாங்கினார். அவருக்கு முன்னால் நின்றவர் வாங்கினார். வந்தாச்சு, வந்தாச்சு, வந்தாச்சு என்று அது சந்தை வழியாக, திடல் வழியாக, வளைந்திருந்த முதுகுகளை நிமிர்த்திக்கொண்டே ஏறி வந்தது. தாண்டவன் காதில் அது விழுந்தபோது அவன் வாய்விட்டு அழுதான். கடைக்கோடியில் நின்றவர்கள் கதவின் தாழ்ப்பாளை உடைக்கும் சத்தமும் கூடவே கேட்டது.

இந்தச் சந்தடியில், பண்டரங்கனார் முன்னவரின் பக்கத்திலிருந்து மெல்ல நழுவினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, ஒதுங்கி நின்ற வரிசைக்கு முன்னால் முதல் ஆளாக நின்றுகொண்டார். இரு கைகளையும் உயர்த்தி மக்களைக் கும்பிட்டார்.

“அன்பார்ந்த மக்களே! குழியை முதலில் கண்டுபிடித்தவனே நான்தான்!” என்று தொடங்கினார்.

மக்கள் அவரைப் பார்த்தார்கள். மேடையைப் பார்த்தார்கள். தாண்டவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மூச்சை இழுத்தான்.

“குழீஈஈ!”